இன்டர்வியூ முடிந்தது, பதில் வரவில்லை

வேதபாகம்: 1 சாமுவேல் 1:1-20; 1 சாமுவேல் 16:1-13; அப்போஸ்தலர் 1:15-26



மார்ச், ஏப்ரல் மாதங்கள் வந்துவிட்டால் நம்முடைய பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "இன்டர்வியூ எப்படிப் பண்ணினே?" "நல்லாத்தான் பண்ணினேன்னு நினைக்கிறேன்." "ரிசல்ட் எப்போ?" "தெரியல." அதோடு பேச்சு நின்றுவிடும். பிள்ளை செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடும். தகப்பனார் செய்தித்தாளைப் புரட்டுவார். ஒரு வரிகூட மனதில் ஏறாது. தாயார் அடுப்படியில் நின்றே ஜெபிப்பார்கள்.

எழுத்துத் தேர்வு முடிந்தால் விடைக்குறிப்பை வைத்து மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிடலாம். நேர்முகத் தேர்வுக்கு விடைக்குறிப்பு கிடையாது. இருபது நிமிஷம் பேசிவிட்டு வெளியே வருகிறோம். கதவு சாத்தப்படுகிறது. உள்ளே என்ன எழுதினார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதற்குப் பிறகு வாரக்கணக்காக, சில இடங்களில் மாதக்கணக்காக, காத்திருக்க வேண்டும். இந்த நாட்களை ஒரு தேவபிள்ளை எப்படிக் கடப்பது? அதுதான் இந்த மாதப் பாடம்.

1. அந்த அறையில் எதை அளந்தார்கள்?

முதலாவது, நேர்முகத் தேர்வு என்பது என்ன என்று சரியாய்ப் புரிந்துகொள்ள வேண்டும். ஐ.ஐ.எம். என்னும் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலும் 2011 முதல் ஒன்று நடக்கிறது. நவம்பர் கடைசியில் கேட் தேர்வு. அதில் தேறியவர்களை அடுத்த ஆண்டின் முதல் மாதங்களில் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறார்கள். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். ஆனால் அந்த மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. கேட் மதிப்பெண், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண், வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. எதற்கு எவ்வளவு பங்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே அந்த இருபது நிமிஷம் முக்கியந்தான், ஆனால் அது முழு தராசு அல்ல. தராசின் ஒரு கல்.

மருத்துவப் படிப்புக்கு நம் நாட்டில் இப்போது நீட் மதிப்பெண்தான் பிரதானம். இருந்தாலும் புனேயிலுள்ள ராணுவ மருத்துவக் கல்லூரியில் நீட்டுக்குப் பிறகு நேர்முகத் தேர்வும் உண்டு. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து தேசங்களில் மருத்துவக் கல்லூரிகளில் பொதுவாக நேர்முகத் தேர்வு இல்லாமல் இடமில்லை.

அந்தக் கல் எவ்வளவு சரியான கல்? சாமுவேல் தீர்க்கதரிசி பெத்லகேமில் ஈசாயின் வீட்டுக்குப் போனதை வாசியுங்கள். அதுவும் ஒரு தெரிந்தெடுப்புதான். மூத்தவன் எலியாப் வந்து நின்றவுடன், இவன்தான் என்று சாமுவேல் மனதிலே முடிவு செய்துவிட்டார். உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு அப்படி நினைத்தார். எத்தனையோ ஆண்டு தேவசத்தம் கேட்டுப் பழகிய தீர்க்கதரிசிக்கே முதல் பார்வை தவறிப்போயிற்று! ஏழு குமாரரும் கடந்துபோனார்கள். தெரிந்துகொள்ளப்பட்டவனோ வீட்டிலேயே இல்லை. வெளியே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். சாமுவேலுக்கே அப்படியென்றால், மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மூன்று பேராசிரியர்கள் எம்மாத்திரம்?

இது பிரசங்கத்துக்காகச் சொல்லும் பேச்சு மட்டுமல்ல, உலகத்தார் சோதித்துப் பார்த்த காரியமும்கூட. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்று 1979-ல் சுமார் 800 பேரை நேர்முகத் தேர்வு செய்து, வரிசைப்படுத்தி, 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. பிறகு, இன்னும் 50 பேரைச் சேர்க்கவேண்டும் என்று மாநிலச் சட்டமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது. அதற்குள் பட்டியலின் மேல்பகுதியில் இருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். ஆகவே முதலில் வேண்டாமென்று விடப்பட்டவர்களை, பட்டியலின் கடைசிப் பகுதியில் இருந்தவர்களை அழைத்தார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றாய்ப் படித்தது. முடிவு என்ன? படிப்பிலும் சரி, படிப்புக்குப் பின் வந்த முதலாண்டுப் பயிற்சியிலும் சரி, இரு கூட்டத்தாருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் காணப்படவில்லை. 1987-ல் இதை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். முதலில் அந்த ஐம்பது பேரைக் கீழே தள்ளியதில் பெரும் பங்கு நேர்முகத் தேர்வுக்குத்தான் இருந்தது.

நம் தேசத்திலும் ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் சேர்க்கை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980-ல் ஒரு தீர்ப்புக் கூறியது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத் தேர்வுக்கு 50 என்று மார்க் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிஷம்தான் பேசினார்கள், படிப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி கேட்டார்கள் என்று மாணவர்கள் முறையிட்டார்கள். மொத்த மார்க்கில் மூன்றில் ஒரு பங்கை நேர்முகத் தேர்வுக்குக் கொடுப்பது நியாயமல்ல, 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லிற்று. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2000-களின் தொடக்கத்தில் ஒரே குழுவின் முன் உட்காரவைக்கும் முறையை விட்டு, பல சின்னச் சின்ன அறைகளில் பல பேர் தனித்தனியே பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். காரணம், ஒரே ஒரு குழுவின் அபிப்பிராயம் மாணவனைக் காட்டுவதைவிட அந்தக் குழுவின் ருசியையே அதிகமாய்க் காட்டக்கூடும்.

ஆகவே தம்பி, தங்கச்சி, இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: அவர்கள் அளந்தது உங்கள் இருபது நிமிஷத்தை. உங்களை அல்ல.

2. அடையாளம் தேடாதிருங்கள்

வெளியே வந்தபின் மனம் என்ன செய்கிறது? "அந்தக் கேள்விக்கு இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறோம். "எனக்குப் பத்து நிமிஷந்தான் எடுத்தாங்க, அவனுக்கு அரை மணி நேரம்" என்று கணக்குப் போடுகிறோம். "கடைசியில அந்த மேடம் சிரிச்சாங்க" என்று நம்பிக்கை வைக்கிறோம். மறுநாளே, "அது கேலிச் சிரிப்போ?" என்று கலங்குகிறோம்.

பிரியமானவர்களே, இந்த அடையாளங்களில் ஒன்றும் நிற்காது. சில பேராசிரியர்கள் எல்லாரிடமும் சிரிப்பார்கள். சிலர் வேண்டுமென்றே முகத்தைக் கடுகடுப்பாய் வைத்துக்கொண்டு, பிள்ளை தடுமாறுகிறதா என்று பார்ப்பார்கள். சீக்கிரம் அனுப்பினால் திருப்தியாய் அனுப்பினார்களா, சலிப்பாய் அனுப்பினார்களா என்று வெளியே நிற்கிற நமக்கு எப்படித் தெரியும்?

சீலோவில் ஆசாரியனாகிய ஏலி, அன்னாளின் வாயைக் கவனித்துப் பார்த்தார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று தீர்த்துவிட்டார்! தூரத்தில் உட்கார்ந்து வாயை மாத்திரம் பார்த்தவருக்கு இருதயம் தெரியவில்லை. நாமும் தேர்வாளரின் முகத்தைப் பார்த்து அதே தவறைத்தான் செய்கிறோம்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. வீடு திரும்பிய அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன், அடுத்த முறை எப்படிச் சொல்லலாம். ஒரே தடவை, ஒரே உட்காரலில். அடுத்த இன்டர்வியூவுக்கு அது உதவும். பிறகு நோட்டை மூடிவிடுங்கள். ராத்திரி அந்த நினைவு வந்தால், "அது நோட்டில் இருக்கிறது" என்று சொல்லித் திரும்பிப் படுங்கள்.

காத்திருப்போர் பட்டியல், அதாவது வெயிட்டிங் லிஸ்ட், வந்தால் அதை "இல்லை" என்று வாசிக்க வேண்டாம். "ஆம்" என்றும் வாசிக்க வேண்டாம். நாலைந்து இடத்தில் இடம் கிடைத்தவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விடும்போது அந்தப் பட்டியல் நகர்கிறது. எவ்வளவு நகரும் என்பது உங்கள் கையிலும் இல்லை, கல்லூரியின் கையிலும் முழுவதும் இல்லை.

3. அன்னாள் எழுந்து சாப்பிட்டாள்

அன்னாளின் சரித்திரத்தில் நாம் அடிக்கடி தாண்டிப்போகிற ஒரு இடம் உண்டு: முதலாம் அதிகாரம் 18-ம் வசனம். அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகம் துக்கமாய் இருக்கவில்லை என்கிற பொருளில் அங்கே எழுதியிருக்கிறது. கவனியுங்கள்: அப்பொழுது அவள் கையில் பிள்ளை இல்லை. வயிற்றிலும் பிள்ளை இல்லை. வீட்டிலே பெனின்னாள் அப்படியேதான் இருக்கிறாள். வெளியே ஒன்றும் மாறவில்லை. மனதில் இருந்ததையெல்லாம் ஊற்றிவிட்டாள். ஊற்றியபின் சோறு இறங்கிற்று.

பதில் வந்தபிறகு சாப்பிடுவது யாருக்கும் கூடும். பதில் வருமுன் சாப்பிடுவதுதான் பாடம். ஆகவே காத்திருக்கும் நாட்களில் நேரத்துக்குச் சாப்பிடுவதும் தூங்குவதும் ஆவிக்குரிய காரியந்தான். உபவாசம் இருக்க விரும்புகிறவர்கள் இருங்கள். ஆனால் கவலையினால் தட்டைத் தள்ளிவிட்டு அதற்கு உபவாசம் என்று பேர் வைக்கவேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊற்றுவதற்கு முன் அன்னாள் அழுதாள், சாப்பிடாதிருந்தாள், மனம் கசந்தாள். அவளை வேதம் அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. நாமோ, கவலைப்படுகிற பிள்ளையைப் பார்த்து, "உனக்கு விசுவாசம் இல்லை" என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். ஏற்கனவே பாரம் சுமக்கிற தோளில் குற்றமனசாட்சி என்கிற இன்னொரு மூட்டையையும் ஏற்றுகிறோம். கலிபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்னும் மனோதத்துவப் பேராசிரியை, வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக நாலு மாதம் காத்திருந்த 230 சட்டப் பட்டதாரிகளைக் கவனித்து, 2016-ல் அதை வெளியிட்டார். கவலையை அடக்க அவர்கள் செய்த முயற்சிகளில் பெரும்பாலானவை கவலையைக் குறைக்கவில்லை. ஆனால் கவலையோடும், கிடைக்காமலும் போகலாம் என்ற எண்ணத்தோடும் காத்திருந்தவர்கள், கெட்ட செய்தி வந்தபோது அதை நன்றாய்த் தாங்கினார்கள். நல்ல செய்தி வந்தபோது மற்றவர்களைவிட அதிகமாய்ச் சந்தோஷப்பட்டார்கள். ஆகவே கவலை வருவதே பாவம் என்று பயப்படவேண்டாம். அதை எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

4. அபிஷேகத்துக்குப் பின் ஆட்டு மந்தை

தாவீதின்மேல் தைலம் ஊற்றப்பட்டது. மறுநாள் அவன் எங்கே போனான்? அரண்மனைக்கு அல்ல. சவுல் ஆள் அனுப்பி அழைத்தபோதும் அவன் ஆடுகளோடுதான் இருந்தான் (16:19). அதற்குப் பிறகும் தகப்பனின் ஆடுகளை மேய்க்கத் திரும்பிப் போய்வந்தான் (17:15). ராஜாவானபோது வயது முப்பது. இடையில் கிடந்த வருஷங்கள் எத்தனை!

காத்திருக்கிற பிள்ளைக்கு ஒரு ஆட்டு மந்தை வேண்டும். கையும் மனமும் ஒன்றிப்போகிற வேலை எதுவோ அது. ஸ்வீனியும் அவருடன் வேலை செய்தவர்களும் பிற்பாடு கண்டதும் அதுவே: நேரம் போவதே தெரியாமல் ஈடுபடுகிற ஒரு வேலை காத்திருப்பின் வேதனையைத் தணிக்கிறது. சும்மா டி.வி. முன் உட்காருவது அந்த வேலையைச் செய்யாது. மனம் பின்னாலேயே அலையும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். கீபோர்டு கற்றுக்கொள்ளுங்கள். அப்பாவின் கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள்.

ஆடு மேய்ப்பதில் இவைகளும் அடங்கும்:

- வேலையில் இருப்பவர்கள், கடிதம் கையில் வருமுன் ராஜினாமா கொடுக்காதிருங்கள்.
- மற்ற கல்லூரிகளின் கடைசித் தேதிகளை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு கதவுக்காகக் காத்திருந்து மற்ற கதவுகள் சாத்தப்பட விடாதிருங்கள்.
- வேறொரு இடத்தில் பணம் கட்டியிருந்தால், விலகும்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதிக்குள் சொல்லவேண்டும் என்ற விதியை வாசித்து வையுங்கள்.
- சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை இப்போதே எடுத்துப் பிரதி போட்டு வையுங்கள். கல்விக்கடன் பற்றி வங்கியில் இப்போதே விசாரியுங்கள். இடம் கிடைத்தால் பணம் கட்டக் கொடுக்கும் நாட்கள் கொஞ்சந்தான்.
- மின்னஞ்சலைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். குப்பை அஞ்சல் பகுதியையும் பாருங்கள். மணிக்கு இருபது தடவை பார்ப்பதால் பதில் சீக்கிரம் வராது.

இது அவிசுவாசமா? இல்லை. இரண்டாவது வழியை ஆயத்தம் செய்கிறவன் தேவனைச் சந்தேகிக்கிறவன் அல்ல. தேவன் எந்த வழியில் அனுப்பினாலும் போக ஆயத்தமாயிருக்கிறவன்.

5. சபையாரும் பெற்றோரும் கவனிக்க

எல்க்கானா நல்ல புருஷன். அன்னாளின்மேல் அன்பாயிருந்தான். ஆனாலும், பத்துக் குமாரரைவிட நான் உனக்கு மேல் இல்லையா என்று கேட்டது அவளைத் தேற்றவில்லை. "சீட் கிடைக்காட்டி என்ன, நாங்க இருக்கோம்ல" என்று நாம் சொல்வதும் அப்படித்தான். அன்புதான், ஆனால் பிள்ளையின் துக்கத்தைச் சின்னதாக்கிவிடுகிறது. பேசாமல் ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். போதும்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்தவுடன் வாசலில் நின்று "என்ன ஆச்சு? வந்துடுச்சா?" என்று கேட்காதிருங்கள். இருபது பேர் கேட்டால் அந்தப் பிள்ளை இருபது தடவை "இன்னும் இல்லை" என்று சொல்லவேண்டும். பிறகு சபைக்கு வரவே கூசும். வந்தால் அவர்களே சொல்வார்கள். "எங்க அண்ணன் பொண்ணுக்குக் கிடைச்சிடுச்சு" என்கிற செய்தியையும் அந்த நேரத்தில் சொல்லவேண்டாம். பெனின்னாளின் வேலை நமக்கு வேண்டாம்.

பயத்தோடு சொல்லவேண்டிய ஒன்று உண்டு. கர்த்தர் உனக்கு இந்தக் கல்லூரியைக் கொடுத்துவிட்டார் என்று தீர்க்கதரிசனமாகச் சொல்லுமுன் ஆயிரம் தடவை யோசியுங்கள். ஆவியானவர் பேசுகிறார் என்று விசுவாசிக்கிறோம். அதனாலேயே அவர் பேசாததை அவர் பேரில் பேசக்கூடாது. கடிதத்தில் "இல்லை" என்று வந்தால், அந்தப் பிள்ளை இழப்பது ஒரு சீட்டை மட்டுமல்ல. தேவனிடத்தில் வைத்த நம்பிக்கையையும் சேர்த்து இழக்கும். சொன்னவர் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவார். வாக்குத்தத்த அட்டையும் அப்படியே. அது தேறுதலுக்குக் கொடுக்கப்பட்டது. அட்மிஷன் லிஸ்டாக அதை வாசிக்க வேண்டாம். சாட்சியை முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டாம்.

பெற்றோரே, இந்த நாட்களில்தான் புரோக்கர்கள் போன் செய்வார்கள். "எனக்கு உள்ளே ஆள் இருக்கு, இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுங்க, லிஸ்ட்ல பேர் வந்துடும்" என்பார்கள். சிலர் "பிரைஸ் தி லார்ட்" சொல்லியே ஆரம்பிப்பார்கள்! கவலை பிடித்த மனம் எதையும் நம்பும் என்று அவர்களுக்குத் தெரியும். நன்கொடை என்ற பேரில் கட்டாயப் பணம் வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்தது. பணம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் வெளியே சொல்லவும் வெட்கப்படுகிறார்கள். கல்லூரியின் சொந்த அலுவலகமும் அதன் அதிகாரபூர்வ இணையதளமும் தவிர வேறு யாருக்கும் ஒரு ரூபாயும் கொடாதிருங்கள்.

6. யூஸ்து என்னும் ஒருவர்

யூதாசின் இடம் காலியாயிற்று. இரண்டு பேரை நிறுத்தினார்கள்: யூஸ்து என்று மறுபெயர் கொண்ட யோசேப்பு ஒருவர், மத்தியா ஒருவர். இருவரும் யோவான் ஞானஸ்நானம் முதற்கொண்டு கடைசிவரை கர்த்தரோடே நடந்தவர்கள். இருவரும் தகுதியுள்ளவர்கள். இடமோ ஒன்று. ஜெபித்தார்கள். சீட்டு மத்தியாவின் பேருக்கு விழுந்தது.

யூஸ்துவைப் பற்றி யாராவது பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா? அவரிடத்தில் ஒரு குறை இருந்ததாக வேதம் சொல்லவில்லை. அவர் ஜெபிக்கவில்லை என்று எழுதியிருக்கிறதா? இல்லை. விசுவாசக் குறைவு என்று எழுதியிருக்கிறதா? அதுவும் இல்லை. தகுதியுள்ள இரண்டு பேருக்கு ஒரே இடம் இருந்தால் ஒருவர் வெளியே நிற்கத்தான் வேண்டும். அவ்வளவே. அடுத்த அதிகாரத்தில் எல்லாரும் ஒருமனப்பட்டு ஓரிடத்தில் கூடியிருந்தபோது அக்கினி இறங்கிற்று. தெரிந்துகொள்ளப்படாதவர் வெளியே நிற்கட்டும் என்று அங்கே யாரும் பிரிக்கவில்லை.

ஆகவே "இல்லை" என்று கடிதம் வருகிற வீட்டுக்கு நாம் போகவேண்டும். காரணம் கண்டுபிடிக்கப் போகவேண்டாம். "கர்த்தர் இதைவிட மேலானதை வைத்திருக்கிறார்" என்று அன்றைக்கே சொல்லவும் அவசரப்படவேண்டாம்; அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதற்கு நாள் உண்டு. அழுகிறவர்களோடே அழுவதற்குத்தான் முதல் நாள்.

காத்திருக்கும்போதோ, பதில் வந்தபின்னோ, ஒரு பிள்ளை பல நாள் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேசினால், அதைச் சாதாரணமாய் விடாதிருங்கள். தனியே விடாதிருங்கள். ஜெபியுங்கள், அதே நாளில் மருத்துவரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமில்லாமல் பேசலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

வீட்டில் கலந்து பேச

1. ஏலி அன்னாளைத் தவறாய் எண்ணினபோது அவள் எப்படிப் பதில் சொன்னாள்? நம்மைத் தவறாய் எடைபோடுகிறவர்களிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்?
2. உங்கள் வீட்டில் காத்திருக்கிற பிள்ளைக்கு இந்த வாரம் எது ஆட்டு மந்தை?
3. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து "கிடைத்தால் இது, கிடைக்காவிட்டால் அது" என்று இரண்டு வழிகளையும் ஒரே காகிதத்தில் எழுதியிருக்கிறீர்களா?
4. நம் சபையில் யூஸ்துவைப் போல வெளியே நின்றவர் யார்? இந்த வாரம் அவர் வீட்டுக்கு யார் போவது?

பதில் இன்றைக்கு வரலாம், அடுத்த மாதம் வரலாம். அதுவரை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஜெபம் பண்ணிச் சாப்பிடுங்கள். காத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் கர்த்தர் தாமே சமாதானத்தைத் தந்தருளுவாராக. ஆமென்.